டாக்டர் கையில் ரத்தம்!

டாக்டரை எப்படி வரைவது? அந்தக் கால அமெரிக்க ஓவியர்களைக் கேட்டால், "மேஜை, இறகுப் பேனா, தடித் தடியாய்ப் புஸ்தகங்கள்" என்பார்கள். 1780-களில் சார்லஸ் வில்சன் பீல் வரைந்த டாக்டர் பெஞ்சமின் ரஷ் அப்படித்தான் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சல் என்று போனால் ரத்தத்தைக் கீறி வெளியேற்றுகிற ஆசாமி! படத்தில் ஒரு சொட்டுகூட இல்லை.

1875-ல் அதே பிலடெல்பியாவில் தாமஸ் ஈகின்ஸ் வேறு மாதிரி யோசித்தார். டாக்டர் சாமுவேல் கிராஸ் ஆபரேஷன் செய்வதை எட்டடி உயரத்துக்கு வரைந்தார். கறுப்புக் கோட்டு, கையில் கத்தி, விரலெல்லாம் ரத்தம்! பக்கத்தில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொள்கிறாள்.

1876 கண்காட்சியில் 'ஐயய்யோ!' என்று கலைக்கூடத்தில் சேர்க்கவில்லை. ராணுவ ஆஸ்பத்திரி அரங்கில் மாட்டினார்கள். 1878-ல் ஒரு மருத்துவக் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள் கல்லூரிக்காக வாங்கினார்கள். விலை 200 டாலர்.

2006-ல் அது ஊரைவிட்டுப் போகாமல் தடுக்க பிலடெல்பியா திரட்ட வேண்டியிருந்த தொகை 6 கோடியே 80 லட்சம் டாலர்!

அந்த ரத்தத்துக்குக் காரணம் உண்டு. கிராஸ் காலையே வெட்டாமல், கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுக்கிறார். புஸ்தக டாக்டருக்கு வணக்கம் சொல்வேன். காலை நீட்டுவதென்றால், எனக்கு இவர்தான் ஸார்!