தண்ணீரைக் குறைக்காதீர்கள், சர்க்கரையைப் பாருங்கள்

திருத்தணி மலைக்கு 365 படி. டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இறங்கிவர நேரமாகும் என்று காலையிலிருந்தே தண்ணீரைத் தொடாமல் வரும் பெண்கள் உண்டு. ஏன் என்று கேட்டால், "இருமினா, படி ஏறினா சொட்டு சொட்டா வந்துடுதுக்கா" என்று தாழ்ந்த குரலில் பதில் வரும். டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். பிள்ளை பெத்த உடம்பு, வயசாச்சு என்று முடித்துக்கொள்வார்கள்.

பிரசவமும் வயதும் காரணங்கள்தாம். சர்க்கரை நோயும் ஒரு காரணம். 2001–02இல் அமெரிக்காவில் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், சர்க்கரை அளவு சரியாக இருந்த பெண்களில் 16.8 சதவீதம் பேருக்கு வாரம் ஒருமுறையாவது சிறுநீர் கசிந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 35.4 சதவீதம். நோய் இன்னும் வராமல், வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் சற்றுக் கூடியிருந்தவர்களிலும் 33.4 சதவீதம். இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 10.2 சதவீதம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீர்ப்பை சீக்கிரம் நிறையும். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் சிறுநீர்ப்பையின் நரம்புகள் மந்தமாகிவிடும். நிறைந்தது தெரியாது, போனாலும் முழுதாகக் காலியாகாது. தேங்கியதில் கிருமி வளரும், கடுப்பெடுக்கும், கசிவு இன்னும் கூடும்.

இந்த நிலையில் தண்ணீரைக் குறைப்பது ஆபத்து. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் திருத்தணி. உடம்பு வறண்டால் ரத்தச் சர்க்கரை மேலும் ஏறும், சிறுநீரகம் அடிபடும்.

சில பிரஷர் மாத்திரைகளும் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் சிறுநீரைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் பெண்தான், அவரிடமே பேச்சைத் தொடங்கலாம். மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீர் கழித்தபின் மிச்சம் தங்குகிறதா என்று பார்க்கும் ஸ்கேன் ஆகியவை முதலில் தேவை.

இது குறையக்கூடிய தொல்லை. அமெரிக்காவின் சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி, 7 சதவீத எடைக்குறைப்பு என்ற இலக்கோடு வாழ்ந்த பெண்களில் 38.3 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 45.7. சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சில மாதம் விடாமல் செய்தால் பலருக்கும் பலன் தெரியும்.

குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம், முட்டிக்கொண்டு வந்தும் போக முடியாமை, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.