காணியின் விலையும் குடியின் இழப்பும்

கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான நகர்ப்பகுதியில் காணியைப் பேர்ச் கணக்கிலேயே அளப்பர். 160 பேர்ச் கொண்டது ஓர் ஏக்கர். முன்புறம் கடையும் பின்புறம் வீடுமாக அமைந்த சிறு வளவொன்றில், தெருவை அகலிப்பதற்கென இரண்டு பேர்ச் எடுக்கப்பட்டாலும் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போய்விடக்கூடும். அவ்வாறாயின், நியாயமான நட்டஈடு எது?

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் இதற்கு விடை கூறுகின்றது. பொதுத் தேவைக்காகவே அரசு காணியைக் கட்டாயமாக எடுக்கலாம். விற்க மனமுள்ள ஒருவர் திறந்த சந்தையில் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையே அதன் பெறுமதியாகும். உரித்துக் கோருவோரை அழைக்கும் 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வெளியான நாளின் விலையே கொள்ளப்படும். எஞ்சிய துண்டுக்கு நேர்ந்த சேதம், தொழில் வருமான இழப்பு, இடம் மாறும் செலவு ஆகியனவும் நட்டஈட்டில் அடங்கும். ஆகவே உறுதி, நில அளவைப் படம், கடைக் கணக்கு என்பவற்றைப் பேணி வைத்தல் அவசியம். நட்டஈட்டுத் தீர்மானத்தில் திருப்தியுறாதோர், அறிவித்தல் கிடைத்து 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு முறையிடலாம்.

எனினும், இச்சட்டத்தின் வரைவிலக்கணம் மாத வாடகைக்கு இருப்போரைக் காணியில் உரித்துடையோராகக் கொள்வதில்லை. ஒரே வாடகை வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் உள்ள நகரில் இது சிறு குறையன்று. உரிமையாளருக்குக் காணியின் விலை கிடைக்கலாம். குடியிருந்தவரின் இழப்பையும் எண்ணிப் பார்ப்பதே நியாயமாகும்.