முந்நூறு ரூபாய்க்கு ஒரு கண்டனூர்க் கணக்கு!

கண்டனூர் தெரியுமா உங்களுக்கு? காரைக்குடிக்குப் பக்கத்து செட்டிநாட்டு ஊர். 'ப.சிதம்பரத்தின் சொந்த ஊர்' என்றால் டக்கென்று பிடிபடும். நாட்டுக்கு ஒன்பது பட்ஜெட் போட்டவர். அதுசரி, வட்டிக் கணக்கும் ஐந்தொகையும் தாய்ப்பாலோடு ஊட்டுகிற பூமியாச்சே! அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாங்க.

மாசம் முந்நூறு ரூபாய்.

இது என்ன, செல்போன் ரீசார்ஜா என்று கேட்காதீர்கள். எண்பது சதவீத ஊனம் உள்ள, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற ஒரு மனிதருக்கு மத்திய அரசு தருகிற பென்ஷன். இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயர். 2009 பிப்ரவரியில் ஆரம்பித்தபோது 200. 2012 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி பெரிய மனசு பண்ணி இன்னொரு நூறு சேர்த்தார். அதற்கப்புறம் ஆட்சி மாறியது, ரூபாய் நோட்டு மாறியது, நூறு ரூபாய்த் தாளின் கலர்கூட மாறியது. பன்னிரண்டு வருஷம் கழித்து 2024-லும் அதே 300!

ஆபீஸ் போகிற நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. 2020-ல் கொரோனாவைக் காட்டி மத்திய அரசு டி.ஏ. உயர்வைப் பதினெட்டு மாசம் நிறுத்தி வைத்ததே, ஞாபகம் இருக்கா? கேன்டீனில் எப்படிப் பொருமினோம்! விலைவாசி ஏறினால் சம்பளமும் ஏறணும் என்பது நமக்கு இயற்கை நியதி மாதிரி. ஜனவரிக்கு ஒண்ணு, ஜூலைக்கு ஒண்ணு. ஆனால் தவழ்ந்து போகிறவருக்கும் படுத்த படுக்கையாய் இருப்பவருக்கும் பஞ்சப்படி என்ற வார்த்தையே அகராதியில் கிடையாது. அவர் வாங்குகிற அரிசிக்கு மட்டும் விலை ஏறாதா என்ன?

தமிழ்நாடு பரவாயில்லை என்று சொல்லலாம். மத்திய அரசின் முந்நூறோடு மாநிலம் தன் பங்கைப் போட்டுத்தான் இங்கே தருகிறார்கள். 2011-ல் ஜெயலலிதா முதல்வரானதும் 500 ரூபாயை 1,000 ஆக்கினார். கைதட்டலாம். ஆனால் அந்த ஆயிரம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, 2023 ஜனவரி வரைக்கும்! பதினொன்றரை வருஷம். உங்கள் பதினெட்டு மாசக் கோபத்தை இந்தப் பதினொன்றரை வருஷத்துக்கு இழுத்துப் பாருங்கள்.

அந்த ஆயிரம் தானாக ஆயிரத்து ஐந்நூறு ஆகிவிடவில்லை. 'தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம்' என்று ஒன்று இருக்கிறது (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் க்யூவில் நாலு பேர் நகர்ந்துவிடுவார்கள்). 2021 பிப்ரவரியில் அவர்கள் நடத்தியது 'குடியேறும் போராட்டம்'. அரசு அலுவலகத்துக்கே போய், 'வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம், இங்கேயே குடியிருக்கிறோம்' என்று உட்கார்ந்துவிடுவது. பஸ் ஏறவே நாலு பேர் தூக்கிவிட வேண்டியவர்கள் ஊர் ஊராக இதைச் செய்தார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, 1,500 என்று ஸ்டாலின் அறிவித்தார்.

இந்த 1,500-க்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கு. 2016-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ம் பிரிவு, மற்றவர்களுக்கு இதே மாதிரி திட்டத்தில் தருவதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தரணும் என்கிறது. 2023-ல் முதியோர் பென்ஷன் 1,200 ஆனது. 1,200-க்கு 25 சதவீதம் 300. கூட்டிப் பாருங்கள்... சரியாக 1,500! ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டம் 'குறைந்தது' என்று சொன்னதை 'அதிகபட்சம்' என்று படித்த மாதிரி இருக்கிறது. கண்டனூர்க் கணக்குப்பிள்ளை தோற்றார், போங்கள்!

சதவீதம் என்றதும் இன்னொன்று. மாநில பென்ஷனுக்கு 40 சதவீத ஊனம் போதும். மத்தியத் திட்டத்துக்கு 80. டாக்டர் 79 என்று எழுதினால் டெல்லியைப் பொறுத்தவரை நீங்கள் ஃபெயில். நமக்கெல்லாம் செப்டம்பர் அட்டெம்ப்ட் இருந்தது. இது, மார்க் வரக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு, வந்தால்தான் சோறு என்று எழுதுகிற பரீட்சை.

கொடுக்கிற கை இப்படி என்றால், வாங்குகிற கை? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி இல்லை. சக்கர நாற்காலிக்கும் பிரெய்ல் தாளுக்கும் 5 சதவீதம்! நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. அந்த 5 சதவீதம் இருந்தால்தான் உள்நாட்டுத் தயாரிப்பாளர், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்ப வாங்க முடியும் என்று விளக்கம் சொன்னார் நிதியமைச்சர் அருண் ஜேட்லி. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் நடக்க முடியாதவர் நகர்வதற்கு வரி என்பது எந்தப் பேரேட்டில் எழுதினாலும் இடிக்கிறது.

பணக்கார நாட்டில் மட்டும் என்ன வாழுதாம்? இங்கிலாந்தில் ஊனமுற்றவரைக் குளிப்பாட்ட, உடுத்திவிட ஆள் அனுப்பும் உள்ளாட்சிகள் பல, அதற்கு அவரிடமே கட்டணம் வாங்குகின்றன. லண்டனில் ஹேமர்ஸ்மித்-ஃபுல்ஹாம் பகுதி மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கில் விடாமல் சண்டை போட்டார்கள். 2015-ல் அந்தக் கவுன்சில் வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தையே ரத்து செய்துவிட்டது. 2020-ல் நார்ஃபோக் கவுன்சில் கட்டணம் கணக்கிட்ட முறை, கடுமையான ஊனமுள்ளவர்களுக்குப் பாரபட்சமானது என்று லண்டன் ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது.

நம் பக்கத்து வீட்டுக்கு வருவோம். தெலங்கானா 2023-ல் 4,016 ரூபாய் ஆக்கியது. ஆந்திரா 2024-ல் 6,000. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 15,000. அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது என்பதுதான் நம்மூர் சங்கத்தின் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் ஆந்திராவும் சொர்க்கமில்லை. 2025-ல் சான்றிதழ்களை மறுபடி சரிபார்க்கிறோம் என்று ஆரம்பித்து, தகுதியில்லை என்று நோட்டீஸ்கள் பறக்க, அங்கேயும் கூப்பாடு.

மறுபடி கண்டனூர். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, படியேறித் திண்ணை, அப்புறம்தான் வாசல். மழைத்தண்ணி வராது. சக்கர நாற்காலியும் வராது. அந்தப் படியிலிருந்து ஒருவரை இறக்கி, காரைக்குடி போய், அங்கிருந்து சிவகங்கை கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை மனுநாளில் கொண்டுசேர்ப்பது என்றால் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைக்குக் கூலி போச்சு. முந்நூறு ரூபாயில் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவில் விண்ணப்பிக்காத யாராவது இருந்தால், அடையாள அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக்கோடு ஒருநாள் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போங்கள். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'சர்வர் டவுன் சார்' என்பது காரணத்தில் சேராது!