சாவியை எடுத்துக் கொடுத்தது யார்?



போன மாதம் மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பெண்களுக்கு ஓட்டுநர் பயிற்சி ஏற்பாடு செய்கிறோம், இருபது பேருக்கு இடம் இருக்கிறது, விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள் என்று சொன்னேன். வந்தது நாலு பெயர். அதிலும் இரண்டு பேர் “வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம்” என்றார்கள்.

ஏன் என்று கேட்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: “அதுக்கெல்லாம் பொறந்த வீடு சரியா இருக்கணும் மேடம். எங்கப்பாவும் மாட்டு வண்டி ஓட்டுனவருதான். ஆனா அண்ணன் கையிலதான் கயித்தக் கொடுத்தாரு. என்னையப் பின்னாடிதான உக்கார வச்சாரு.” எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அது சிரிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த அம்மா சொன்னது பாதி உண்மை. ஒரு பெண் வண்டி ஓட்ட வேண்டுமானால் யாராவது ஒருவர் அவள் கையில் சாவியை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அது அப்பாவாகத்தான் இருக்க வேண்டுமா? இதை யோசிக்க, வண்டி ஓட்டிப் பெயர் எடுத்த மூன்று பெண்களின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

அப்பா கொடுத்த சாவி

அலிஷா அப்துல்லா சென்னையில் 1989-ல் பிறந்தவர். மோட்டார் பந்தயத்தில் இந்தியாவின் முதல் பெண் தேசிய சாம்பியன் என்று இவரைச் சொல்கிறார்கள். இவருடைய அப்பா ஆர்.ஏ.அப்துல்லா சாதாரண ஆள் இல்லை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஏழு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றவர்.

மோட்டார் பந்தயம் நம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அதில் பல வருடங்கள் பந்தயம் நடந்தது. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை போட்டார்கள். நம் மாநிலத்தைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் என்ற உலகப் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய அப்பாவும் தென்னிந்தியக் கார் பந்தயத்தில் பலமுறை ஜெயித்தவர்தான். பார்த்தீர்களா, ஆண் பிள்ளைக்கும் அப்பா வழிதான் முதல் வழியாக இருந்திருக்கிறது. அப்படியானால் பெண் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

அலிஷா ஒன்பது வயதில் ‘கோ-கார்ட்’ ஓட்ட ஆரம்பித்தார். அது தரையோடு தரையாக இருக்கும் சின்ன வண்டி. நாலு சக்கரம், ஒரு இஞ்சின், ஒரு ஸ்டியரிங், ஒருவர் உட்கார இடம், அவ்வளவுதான். கார் பந்தயத்துக்குப் போகிறவர்களில் பல பேருக்கு இதுதான் பாலர் வகுப்பு. பதின்மூன்று வயதில் தேசிய கோ-கார்ட் போட்டியில் ஜெயித்தார். அதன் பிறகு பந்தயக் கார், பிறகு 600 சிசி மோட்டார் சைக்கிள் என்று போனார்.

600 சிசி என்றால் எவ்வளவு என்று நமக்குச் சட்டென்று பிடிபடாது. நம் ஊரில் பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிப்போகும் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டி ஏறக்குறைய 100 சிசி. அதுபோல ஆறு வண்டியின் இஞ்சின் அளவு ஒரே வண்டியில் இருந்தால் அதுதான் 600 சிசி. இதில் பெண்களுக்கென்று தனிப் போட்டி கிடையாது. ஆண்களோடு ஒரே வரிசையில் நின்றுதான் ஓட்ட வேண்டும். ஓட்டினார். பெரிய விபத்துகளில் அடியும் பட்டார். பின்னால் கார் பந்தயத்துக்குத் திரும்பினார். பெண்களுக்குப் பந்தயம் கற்றுக்கொடுக்கப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்.

இவருக்குத் திறமை இருந்தது, துணிச்சல் இருந்தது. ஆனால் ஒன்பது வயதில் கையில் ஸ்டியரிங் கிடைத்தது பிறந்த வீட்டால். இதை மறைத்துவிட்டு “முயற்சி செய்தால் எல்லாம் முடியும்” என்று மட்டும் உங்களிடம் சொன்னால் அது பொய்.

முதலாளி கொடுத்த சாவி

அப்பா பந்தயக்காரராக இல்லாவிட்டால் என்ன வழி? இதற்கு நூறு வருடம் பின்னால் போகலாம். இங்கிலாந்தில் டோரதி லெவிட் என்று ஒரு பெண். 1882-ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் எலிசபெத் லெவி. அப்பா நகை வியாபாரி. டோரதி ஒரு கார் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே காரை விற்கும் பொறுப்பில் இருந்த செல்வின் எட்ஜ் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பெண் கார் ஓட்டிக் காட்டினால் ஊரே பேசும், வியாபாரம் நடக்கும் என்று நினைத்தார். டோரதியிடம் சாவி வந்தது இப்படித்தான். 1905-ல் மணிக்கு 128 கிலோமீட்டர் வேகம் ஓட்டினார். 1906-ல் மணிக்கு 146 கிலோமீட்டர் ஓட்டி, பெண்களில் தன் சாதனையைத் தானே முறியடித்தார். மதுரையிலிருந்து மேலூருக்கு அந்த வேகத்தில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கார் என்பதே அதிசயமாக இருந்த காலம் அது.

1909-ல் பெண்கள் கார் ஓட்டுவது பற்றிப் புத்தகமும் எழுதினார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் சொன்னார். இன்று எல்லா வண்டியிலும் அந்தக் கண்ணாடி இருக்கிறது.

ஆனால் 1907-ல் இங்கிலாந்தில் புதிதாகப் பந்தயப் பாதை திறந்தபோது, பெண் என்பதால் இவரைச் சேர்க்கவில்லை. சில வருடங்களில் பத்திரிகைகளில் இவர் பெயர் வருவதும் நின்றுபோனது. 1922-ல் நாற்பது வயதில் லண்டனில் இறந்தார்.

முதலாளி கொடுக்கும் சாவியில் இந்தச் சிக்கல் இருக்கிறது. அவருக்குத் தேவை இருக்கும்வரைதான் அது நம் கையில் இருக்கும்.

சட்டம் கொடுத்த சாவி

மூன்றாமவர் நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பவர். பந்தயக்காரர் இல்லை, பஸ் டிரைவர். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த எம்.வசந்தகுமாரி. சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். 19 வயதில் கல்யாணம். கணவருக்கு ஏற்கெனவே நாலு பெண் பிள்ளைகள். இவருக்கும் இரண்டு குழந்தைகள். இத்தனை பேருக்கும் சோறு போட வேண்டிய வீடு அது.

1989-ல் தமிழக அரசு, அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கியது. வண்டி ஓட்டத் தெரிந்த வசந்தகுமாரி கனரக வாகன லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வேலை கேட்டுப் போனார். பெண்ணை எப்படிப் பஸ் ஓட்ட எடுப்பது என்று அதிகாரிகள் தயங்கினார்கள். அவர் விடவில்லை, திரும்பத் திரும்பப் போய் நின்றார். 1993 மார்ச் 30-ல் நாகர்கோவிலில் அரசு பஸ் டிரைவராகச் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் பஸ் டிரைவர் என்று இவரைச் சொல்வார்கள். 2017-ல் ஓய்வு பெறும்வரை ஓட்டினார்.

இவருக்கு அப்பாவும் இல்லை, முதலாளியும் இல்லை. சட்டம் கதவைத் திறந்தது. ஆனால் சட்டம் வீடு தேடி வந்து சாவி கொடுக்காது. இவர்தான் போய்க் கேட்டு வாங்கினார்.

நம் கையில் இருப்பது

இப்போது நம் ஊருக்கு வருவோம். நமக்கு அலிஷாவின் அப்பா மாதிரி அப்பா இல்லை. சரி, நமக்கு என்ன இருக்கிறது? குழு இருக்கிறது.

பெண்கள் கூட்டமாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நம் மாநிலத்தில் ஒரு மாவட்டமே காட்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் அதில் உண்டு. முதலில் கேலி பேசினார்கள். ஒருத்தி மட்டும் ஓட்டினால் கேலி செய்யலாம். ஊரில் பாதிப் பெண்கள் ஓட்டினால் எத்தனை பேரைக் கேலி செய்வது?

நம் குழுக்களில் கணக்குப் பாருங்கள். பலகாரம், கடலைமிட்டாய், மசாலாப் பொடி எல்லாம் மதுரைக்குக் கொண்டுபோகச் சரக்கு ஆட்டோ வாடகைக்கு எடுக்கிறோம். வியர்வை சிந்தி எடுத்த லாபத்தில் ஒரு பங்கு வாடகையாகப் போகிறது. ராத்திரியில் பிரசவ வலி வந்தால் ஊரில் ஆம்பளை டிரைவர் இருக்கிறாரா என்று தேடுகிறோம். அடுப்பு நம்முடையது, சரக்கு நம்முடையது, சாவி மட்டும் வேறு ஒருவர் கையில்.

சில விவரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயது நிறைந்தால் கியர் வண்டிக்கும் காருக்கும் பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., எடுக்கலாம். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்ததும் ஓட்டிக்காட்டி நிரந்தர லைசென்ஸ் வாங்கலாம். வாடகை வாகனம் ஓட்ட எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதி முன்பு இருந்தது. 2019-ல் அதை மத்திய அரசு நீக்கிவிட்டது. “நான் அஞ்சாவதோட நின்னுட்டேன்” என்று இனி ஒதுங்க வேண்டாம்.

உங்கள் குழுக் கூட்டத்தில் இந்த மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள்:

1. நம் குழுவில் வண்டி ஓட்டக் கற்க ஆசை இருந்தும் சொல்லத் தயங்குகிற உறுப்பினர் யார்?
2. அவர் வீட்டில் பேச வேண்டுமானால் நம்மில் யார் யார் கூடப் போவது?
3. பயிற்சிக் கட்டணத்துக்கு உள்கடன் கொடுக்க நம் குழு தீர்மானம் போடுமா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். இருபது இடத்தில் இன்னும் பதினாறு காலியாக இருக்கிறது. அண்ணன் கையில் போன கயிற்றைப் பற்றிச் சொன்ன அந்த அம்மா, கூட்டம் முடிந்து கிளம்பும்போது தன் மருமகள் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். மருமகளிடம் கேட்டீர்களா என்றேன். “அவ கேட்டதுனாலதான் சொல்றேன்” என்றார். ஆக, காலி இடம் பதினைந்துதான்.