மரத்துக்கு ஹெலிகாப்டர் வந்தது... பாசிக்கு?

டைனோசர் காலத்து மரக் குடும்பத்தின் எச்சம் ஒன்று. அதைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்த பாசி ஒன்று. இரண்டுமே இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. ஆனால், இரண்டின் ஆபத்தும் ஒன்றல்ல.

ரகசியப் பள்ளத்தாக்கு

வொல்லெமி பைன் மரத்தை 1994-ல் கண்டறிந்தவர், ஆஸ்திரேலியப் பூங்கா அலுவலர் டேவிட் நோபிள். சிட்னிக்கு வடமேற்கே, வொல்லெமி தேசியப் பூங்காவின் ஆழமான பள்ளத்தாக்கில் அது மறைந்திருந்தது. நம் நர்சரிகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று விற்கும் அரக்கேரியாவுக்கு உறவு. 40 மீட்டர் வரை வளரும். காட்டில் முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. அவற்றுக்குள் மரபணு வேறுபாடும் மிகக் குறைவு என்பதால், ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தக்கூடும். வருகிறவர்களின் காலணி மண்ணோடு வேரழுகல் கிருமி வந்துவிடும் என்று அஞ்சி, இடத்தையே ரகசியமாக வைத்திருக்கிறார்கள்.

2019-20 காட்டுத்தீ அந்தப் பள்ளத்தாக்கை நெருங்கியது. விமானங்கள் தீத்தடுப்பு ரசாயனத்தைக் கொட்டின. வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி, நீர் தெளிக்கும் குழாய்களை அமைத்தார்கள். மரங்களில் பெரும்பாலானவை பிழைத்தன. இன்று அதன் கன்றுகள் பல நாட்டுத் தோட்டங்களில் வளர்கின்றன.

பனிக்கு அடியில்

டக்காகியா பாசிக்கு ஜப்பானியத் தாவரவியலர் நோரிவோ டக்காகியின் பெயரைச் சூட்டினார்கள். திபெத்தில் 4,000 மீட்டருக்கு மேல், ஆண்டில் எட்டு மாதம் பனிக்கு அடியில் கிடக்கும். பனி விலகினால் கடும் புறஊதாக் கதிர் தாக்கும். அந்தப் பேரினத்தின் வயது சுமார் 39 கோடி ஆண்டுகள். இமயம் எழ எழ, இதுவும் அந்த உயரத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. வேகமாக மாறும் மரபணுக்கள் இதில் மிக அதிகம் என்கிறது, 2023-ல் ‘செல்’ ஆய்விதழ் வெளியிட்ட கட்டுரை. அப்படிப்பட்ட பாசியே, வெப்பம் ஏறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஆண்டுக்குச் சுமார் 1.6 சதவீதம் குறைந்துவருகிறது. ஆய்வகத்தில் பெருக்கி மீண்டும் திபெத்தில் நட்டார்கள், சில பிழைத்தன. ஆனால், சூடேறும் மண்ணில் எத்தனை முறை நடுவது?

பள்ளத்தாக்குக்குக் காவல் போடலாம். தீயை நீரால் தடுக்கலாம். ஒரு பீடபூமியின் காற்றையே குளிர்விக்க எந்த ஹெலிகாப்டராலும் முடியாது. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பதை உலக நாடுகள் குறைத்தால்தான் டக்காகியாவுக்கு வாழ்வு. மரத்தின் தீக்கும் அதே வெப்பம் தூபம் போடுகிறது. எனவே, பாசியைக் காக்கும் வழிதான் மரத்தையும் நிரந்தரமாகக் காக்கும். அந்த வழியை அரசுகளிடம் உரக்கக் கேட்பது நம் கடமை.