பிரதமருக்கு எழுதும் கடிதம் எங்கே போகிறது?

ஸ்பிரிங்வெளி கடைத்தெருவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். "நானா, பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. நாங்க இருக்கிற லயத்துக்கு உறுதி இல்ல. அவங்களுக்குச் சொன்னா செய்வாங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கடிதம் கொழும்பில் யார் கைக்குப் போகும், அவர்களால் என்ன செய்ய முடியும் என்பதை அவருக்குச் சரியாக விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிரதமர் அலுவலகம் கொழும்பு 7இல், சேர் ஏர்னஸ்ட் டி சில்வா மாவத்தையிலுள்ள சிறிமதிபாயவில் இயங்குகிறது. அலரி மாளிகை பிரதமரின் உத்தியோகபூர்வ வாசஸ்தலம். அலுவலகத்துக்குப் பொறுப்பானவர் பிரதமரின் செயலாளர். அவர் பிரதமரின் பணிப்பின்படி இயங்கினாலும், அரசியலமைப்பின்படி அவரை நியமிப்பவர் ஜனாதிபதியே. இந்த ஒரு விடயமே அலுவலகத்தின் இன்றைய எல்லையைக் காட்டிவிடுகிறது.

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் டீ.எஸ்.சேனநாயக்க முதல் பிரதமரானபோது, பாதுகாப்பும் வெளிவிவகாரமும் சட்டப்படியே பிரதமரின் பொறுப்பாக இருந்தன. நாட்டின் நிறைவேற்று அதிகாரம் நடைமுறையில் பிரதமரைச் சுற்றியே இருந்தது. ஆகவே அவரது அலுவலகத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் மலையகத்து லயங்கள் வரை வந்து சேர்ந்தன.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையும் அதில் ஒன்று. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடத்தார் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளர் மாத்திரமன்றி, இந்தியாவிலிருந்து வந்து இங்கு வியாபாரம் செய்த முஸ்லிம்களும் இச்சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துத் தம்மை நிரூபிக்க வேண்டியிருந்தது. இதை எமது சமூகம் மறந்துவிடக் கூடாது.

1964 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 975,000 பேரின் தலைவிதியைப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்ப்போம் என்பது கணக்கு. அந்த மக்களில் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை.

இந்த வரலாற்றின் இரு முனைகளிலும் ஒரே அதிகாரி இருந்தார். 1954இல் சேர் ஜோன் கொத்தலாவல காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் இணைந்த பிரட்மன் வீரக்கோன், கட்சிகள் மாறியபோதும் 1970 வரை அங்கு பணியாற்றினார். 2001இல் ரணில் விக்ரமசிங்க பிரதமரானபோது மீண்டும் செயலாளராக வந்தார். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியதும் அக்காலத்தில்தான். பிரதமர்கள் வந்து போவார்கள். கோப்பையும் அதன் பின்னணியையும் அறிந்த அதிகாரி நிலைத்திருப்பார். அத்தகைய அலுவலகத்தின் உண்மையான பெறுமதி அதுவே.

1978 அரசியலமைப்பு எல்லாவற்றையும் மாற்றியது. ஜே.ஆர்.ஜயவர்தன நிறைவேற்று ஜனாதிபதியானார். அதிகாரம் ஜனாதிபதி செயலகத்துக்கு நகர்ந்தது. அதன்பின் பிரதமரின் பலம் அவர் எந்த அமைச்சுகளை வைத்திருக்கிறார் என்பதில் பெரிதும் தங்கியது. ஆர்.பிரேமதாச பிரதமராக இருந்தபோது வீடமைப்பு அவரிடம் இருந்தது. அதனால் ஒரு இலட்சம் வீடுகள் திட்டத்தை முன்னெடுக்க முடிந்தது. 2024 செப்டெம்பரில் பதவியேற்ற பிரதமர் ஹரிணி அமரசூரியவிடம் கல்வி அமைச்சு உள்ளது. எனவே பாடசாலை ஆசிரியர் பற்றாக்குறை பற்றி எழுதுவதும், லயத்து உறுதி பற்றி எழுதுவதும் ஒன்றல்ல.

2018 ஒக்டோபர் 26இல் இரண்டு பேர் பிரதமர் பதவிக்கு உரிமை கோரிய நாட்களில், எந்த அலுவலகத்தின் கடிதத் தலைப்பு செல்லும் என்றே நாடு குழம்பியது. ஐம்பது நாட்களுக்குப் பிறகு, நீதிமன்றத் தீர்ப்புகளின் பின்னரே அது தெளிந்தது.

சரி, பெரியவரின் கடிதத்துக்கு என்ன நடக்கும்? பிரதமர் அலுவலகம் காணி உறுதி வழங்கும் நிறுவனம் அல்ல. மனுவை உரிய அமைச்சுக்கோ மாவட்டச் செயலகத்துக்கோ அனுப்பி, பதில் கேட்பதே அதனால் இயன்றது. கொழும்பிலிருந்து வரும் கடிதத்துக்குப் பதுளையில் ஒரு கனம் உண்டுதான். ஆனால் அது மந்திரக்கோல் அல்ல.

ஆகவே எழுதுவோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரு கடிதத்தில் ஒரு பிரச்சினையை மட்டும் எழுதுங்கள். பெருந்தோட்ட அமைச்சுக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது அரசியலமைப்பு தந்த உரிமை. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகவும் பிரகடனப்படுத்தப்பட்டுள்ளன. பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "எனது மனுவுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த அலுவலகம் எம்மவர்களைக் கேட்காமலே எம்மவர்களைப் பற்றி முடிவெடுத்தது. இன்று நாம் கேள்வி கேட்டால் பதில் சொல்லச் சட்டம் அதைக் கட்டாயப்படுத்துகிறது. அடுத்த முறை அந்தப் பெரியவரைக் கண்டால், இரண்டாவது கடிதத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.