மண் குளியல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குமாரலிங்கபுரம் போன்ற சிற்றூர்களில் கோடை வந்துவிட்டால் கண்மாய் வற்றும். கரிசல் நிலம் கைந்நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நீர் அரிதான இத்தகைய சீமையில் உடலைக் குளிர்விக்க மண்ணைத் துணைகொள்ளலாமா? வீட்டுப் புழக்கடையிலேயே மண் குளியலுக்கு இடம் அமைத்துக்கொள்ள இயலுமா? இவ்வினாக்களை இங்கு ஆராய்வோம்.

மண்ணை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் பழையது. எனினும், அதற்கு நம் நாட்டில் புத்துயிர் அளித்தவர் காந்தியடிகள் எனலாம். ஜெர்மானியரான அடால்ப் ஜஸ்ட் என்பார் 1896-இல் ஹார்ஸ் மலைப்பகுதியில் இயற்கை மருத்துவ இல்லம் ஒன்றை நிறுவி, ‘இயற்கைக்குத் திரும்புக’ என்னும் நூலையும் எழுதினார். தென்னாப்பிரிக்காவில் மலச்சிக்கலாலும் தலைவலியாலும் துன்புற்ற காந்தியடிகள் அந்நூலைப் படித்து, ஈரமண்ணை அடிவயிற்றில் கட்டிப் பார்த்தார், குணம் கண்டார். 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் அவர் எழுதிய உடல்நல நூலில் மண்ணுக்கெனத் தனிப்பகுதி உண்டு. 1946-இல் புனேவுக்கு அருகே உருளிகாஞ்சன் என்னும் சிற்றூரில் இயற்கை மருத்துவ நிலையம் தோன்றவும் அவரே காரணர். இன்று சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் இம்முறையைப் பாடமாகவே பயில்கின்றனர்.

திருச்சுழிக்கும் இப்பொருளோடு தொடர்பு உண்டு. 1879-இல் அவ்வூரில் பிறந்தவர் ரமண மகரிஷி. அங்குள்ள திருக்குளத்தில் நீராடினால் வெள்ளி நகைகள் கறுத்துவிடும் என்று தம் இளமை நினைவொன்றை அவர் கூறியுள்ளார். கந்தகச் சேர்மங்கள் கலந்த நீர் பட்டால் வெள்ளியின் மேல் வெள்ளி சல்பைடு என்னும் கரிய படலம் தோன்றும் என்பது வேதியியல் பயில்வோர் அறிந்ததே. மண்ணில் உள்ளவை நீரில் இறங்கும். நீர் வழியே நம்மைத் தொடும் என்பதற்கு இது நல்ல சான்று.

மண் பூச்சு உடலைக் குளிர்விப்பது எவ்வாறு? மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே நெறிதான். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் ஒரு பகுதி தோலிலிருந்து பெறப்படுகின்றது. வெறும் நீர் உடலிலிருந்து வழிந்தோடிவிடும். களிமண்ணோ தன் நுண்துகள்களுக்கிடையே நீரைப் பற்றி வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றது. ஆகவே குளிர்ச்சி நீடிக்கின்றது. உடலின் நஞ்சையெல்லாம் மண் உறிஞ்சிவிடும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. மூட்டுத் தேய்மான வலிக்கு வெதுவெதுப்பான மண் பூச்சு ஓரளவு ஆறுதல் தருவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, அவ்வளவே.

இனி அமைக்கும் முறையைக் காண்போம். குழி வெட்டிச் சேறு நிரப்பி அதில் அமிழ்வதே பலர் எண்ணும் முறை. ஆறடி நீளம், இரண்டரையடி அகலம், ஓரடி ஆழமுள்ள குழியின் கொள்ளளவு ஏறத்தாழ 425 லிட்டர். சேற்றில் பாதி நீர் என்று கொண்டால் 200 லிட்டருக்கு மேல் வேண்டும். ஊரகத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஆக, நான்கு பேரின் ஒருநாள் நீரை ஒரு குழி விழுங்கிவிடும். அன்றியும், தேங்கிய குழியில் கொசு முட்டையிடும்; ஒருவர் அமிழ்ந்த சேற்றில் மற்றொருவர் அமிழ்வதும் தூய்மையன்று. ஆதலின் வறண்ட நாட்டுக்கு ஏற்றது பூச்சுக் குளியலே. அதற்கு நான்கு கிலோ மண்ணும் மூன்று லிட்டர் நீரும் போதும். கழுவ இரண்டு வாளி நீர் வேண்டும்.

புழக்கடையில் நிழலுள்ள மூலையில் நான்கடிச் சதுரமாகச் செங்கல் பாவி, ஒரு பக்கம் சற்றே சரிவாக அமைக்க வேண்டும். சரிவின் முடிவில் ஒன்றரையடிக் குழி ஒன்று இருத்தல் நலம். கழுவிய மண் அதில் படிய, தெளிந்த நீர் வாழைக்கோ தென்னைக்கோ பாயும். சுற்றிலும் பனையோலைத் தட்டி கட்டினால் மறைவும் ஆயிற்று. குளியல் முடிந்தபின் குழியில் நீர் தேங்கவிடாமல் வடித்துவிட வேண்டும்.

மண்ணைத் தேர்வதில்தான் பெருங்கவனம் வேண்டும். எருவும் பூச்சிக்கொல்லியும் இட்ட நிலத்து மண், தொழுவத்து மண், சாக்கடையோரத்து மண் ஆகியவை ஆகா. புற்றுமண் எடுக்கப் புற்றில் கைவிடுதலும் கூடாது. அங்குப் பாம்பு இருக்கலாம். தூய இடத்தில் இரண்டு மூன்றடி ஆழத்து மண்ணை எடுத்து, சில நாள் வெயிலில் உலர்த்தி, இடித்துச் சலிக்க வேண்டும். கரிசல் தனித்து மிகவும் ஒட்டும். அது நீரில் உப்பி, காய்கையில் சுருங்கும் இயல்பினது. நிலம் வெடிப்பதும் இதனாலேயே. ஆகவே செம்மண்ணைச் சரிபாதி கலந்து, இரவு முழுதும் ஊறவைத்துத் தோசைமாவுப் பதத்தில் பிசைந்துகொள்ள வேண்டும். கண், வாய் தவிர்த்துப் பூசி, 15 முதல் 20 நிமிடம் இருந்து, முற்றும் காயுமுன் கழுவிவிட வேண்டும். காய்ந்தபின் குளிர்ச்சியும் இல்லை; சுருங்கும் மண் தோலை இழுக்கும்.

மண்ணில் நன்மை மட்டுமே உண்டு என எண்ணுதல் தவறு. இசிவு நோய்க் கிருமியின் விதையணுக்கள் மண்ணில் வாழ்வன. வெயிலுக்கு மட்டுமன்றி, கொதிநீருக்கும் நெடுநேரம் தாக்குப்பிடிப்பன. மெலியோய்டோசிஸ் என்னும் நோயின் கிருமியும் ஈரமண்ணில் உறைவது. நீரிழிவு உடையோரை அது எளிதில் பற்றும். கொக்கிப்புழுவின் இளம்புழு தோல்வழியே நுழையவல்லது. ஆகவே புண், வெட்டுக்காயம் உடையோர் மண் பூசலாகாது. 10 வயதிலும் 16 வயதிலும் அரசு அளிக்கும் இசிவுத் தடுப்பூசியை மாணவர்கள் தவறாது இட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகள், கருவுற்ற மகளிர், நீரிழிவு அல்லது இதயநோய் உடையோர் மருத்துவரைக் கேளாது இதில் இறங்குதல் கூடாது. பாம்புக்கடிக்கும் தீப்புண்ணுக்கும் மண் பூசி நேரம் போக்குவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்தே மருந்து. தீப்புண்ணின் மேல் முதலில் தூய நீரை ஊற்ற வேண்டும்.

கோடையின் சோர்வைத் தணிக்கவும் தோலுக்குக் குளிர்ச்சி தரவும் மண் குளியல் எளிய துணை. அதன் எல்லையை அறிந்து, நீரைச் சிக்கனமாகச் செலவிட்டு, தூய்மை பேணிக் கையாள்வோர்க்கு அது நலம் பயக்கும்.